கச்சேரிக்கு நடுவே தண்ணீர்

விடாமல் கொட்டிய மழை மத்தியானத்தில் சற்று ஓய்ந்தபோது, நீரஜா குடையை மடக்கிக்கொண்டு சபாவின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தண்ணீர் வடியவில்லை.

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது நாதவல்லி சபா. பழைய கட்டடம். தெருவில் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட, அரங்கம் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே தரை வேறு மேடையை நோக்கிச் சரிந்து இறங்கும். பின்வரிசைக்காரர்களுக்கும் பாடுகிறவர் முகம் தெரியட்டும் என்று அந்தக் காலத்தில் அப்படிக் கட்டியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவிட்ச் ரூம். அதற்கும் வெளியே ஒரு முற்றம். கான்டீன் பந்தல், கழிவறை எல்லாம் அங்கேதான். முற்றத்தின் ஓரமாகச் சிமெண்ட் பலகை போட்டு மூடிய சாக்கடை ஓடியது. அந்த இடத்து மழைத்தண்ணீர் மொத்தமும் அதன் வழியாகத்தான் கால்வாய்க்குப் போயாக வேண்டும்.

அது போகாமல் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குக் கறுப்பாக நின்றது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் காபிக் கப்புகள் மிதந்துகொண்டிருந்தன.

அந்த வருஷத்து சீசனுக்குத்தான், தொண்ணூற்றேழு டிசம்பரில், சபாவுக்குள் பிளாஸ்டிக் கப் வந்தது. அதுவரை எவர்சில்வர் டம்ளர். அதைக் கழுவ லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. கோடையில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்த பிறகு, “கப்பு வாங்கினா தண்ணி மிச்சம்” என்று செயலாளர் ராமானுஜம் சொன்னபோது கமிட்டியில் ஒருவரும் மறுக்கவில்லை. நீரஜாவும் மறுக்கவில்லை. அவள் தி. நகரில் ஒரு வங்கியில் அதிகாரி; சபாவுக்கு இணைச் செயலாளர். கான்டீன் அவள் பொறுப்பு. கப்பு பார்க்கச் சுத்தமாக இருந்தது, கொஞ்சம் நாகரிகமாகவும் இருந்தது. குடித்து எறிந்த பிறகு அது எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. பெருங்குடிக்குப் போகிற குப்பை வண்டி, தெருவில் தண்ணீர் நின்றதால் உள்ளே வர முடியாமல் திரும்பிப் போயிருந்தது. கப்புகளைச் சாக்கு சாக்காகக் கட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மழையில் சாக்குகள் கிழிந்துவிட்டன.

கான்டீன் நடத்திய அய்யாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். தி. நகரில் மெஸ் வைத்திருப்பவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

“என்ன இது, அய்யாதுரை? ஏன் இப்படி நிக்கறது?”

“கப்பு பூரா உள்ள போயி அடைச்சுக்கிட்டும்மா. பசங்க ரெண்டு பலகையப் பேத்து எடுத்துட்டு, கம்ப விட்டுக் குத்திப் பாத்துட்டாங்க. அசைய மாட்டேங்குது.”

“குழியைத் திறந்தபடி விட்டுடாதீங்கோ. யாராவது காலை விட்டுடுவா.”

“மூடிருதேம்மா. இப்பமே மூடிருதேன்.”

நீரஜா உள்ளே வந்தாள். மைக் செட் ஷரஃபுதீன் மேடையடியில் குனிந்து ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்தான். எல்லா ஒயரும் தரையில்தான் ஓடின, ஜமக்காளத்துக்கு அடியில். பிளக் போர்டும் தரையில்தான் கிடந்தது.

“தண்ணி உள்ளே வந்துடுத்துன்னா என்னப்பா பண்றது?”

“இத்தினி வருசமா வராத தண்ணி இன்னிக்கா மேடம் வரப்போவுது?” என்று சிரித்தான் அவன். “உங்க திருப்திக்கு ரெண்டு செங்கல் வெச்சு போர்ட தூக்கி வெக்கிறேன்.”

செங்கல் வைத்தான். அவளுக்குத் திருப்தி வரவில்லை. வாசலில் டிக்கெட் மேஜை அருகே நின்ற ராமானுஜத்திடம் போனாள்.

“மாமா, பின்னாடி தண்ணி ஏறிண்டு இருக்கு. இன்னிக்கு மட்டும் நிறுத்திடலாமா?”

ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலு மணிக் கச்சேரி யாரோடது? ஸஹானாவோடது. உன் பொண்ணோட கச்சேரியை நீயே நிறுத்தச் சொல்றயா? அப்புறம் எப்போ ஸ்லாட் குடுக்கறது?”

ஸஹானாவுக்குப் பதினேழு வயது. டிசம்பரில் ஒரு மேடை கிடைப்பதற்காக அந்த வருஷம் முழுக்க விடிகாலையில் எழுந்து சாதகம் செய்த பெண். காலையில் பட்டுப் பாவாடையை எடுத்து வைத்துவிட்டு, “அம்மா, மழையினால யாரும் வராம போயிடுவாளா?” என்று கேட்டிருந்தாள். மஸ்கட்டில் வேலையில் இருந்த அவள் அப்பா வெங்கடரமணன், ஒலிநாடாவில் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நீரஜா வாயை மூடிக்கொண்டாள். பயம் மட்டும் போகவில்லை.

மழையிலும் அரங்கம் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பெரும்பாலும் வயசானவர்கள், குடையும் மஃப்ளருமாக வந்து, மேடை தெளிவாகத் தெரிகிற முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். நீரஜாவின் மாமனார் வேதாந்தம் முதல் வரிசையின் ஓரத்தில், பக்கத்துக் கதவுக்கு அருகே உட்கார்ந்தார். அந்தக் கதவைத் திறந்தால், பின்னாலிருந்து பக்கவாட்டிலும் நீண்டு வந்த முற்றம்.

கச்சேரி தொடங்கியதும் மழையும் தொடங்கியது. கூரையில் விழுந்த சத்தத்துக்கு மேலே ஸஹானாவின் குரல் நன்றாகவே எழும்பி வந்தது. மிருதங்கம் வாசித்த ஷ்ரவண் புன்சிரிப்போடு தலையாட்டினான். அவள் ஷண்முகப்ரியாவை எடுத்தபோது சபையில் ஒரு ‘பேஷ்’ எழுந்தது. நீரஜா அதை முழுதாகக் கேட்கவில்லை. டிக்கெட் மேஜையிலிருந்து அப்போதுதான் வந்து, மேடையின் பக்கவாட்டில் நின்றபடி பக்கத்துக் கதவின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒரு கறுப்புக் கோடு போலத்தான் வந்தது. ஜமக்காளத்தின் விளிம்பு நிறம் மாறியது. பிறகு கதவிடுக்கின் வழியே ஒரு கப் நசுங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, நிமிர்ந்து, மெதுவாக மேடையை நோக்கி நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. தரையின் சரிவு தண்ணீரை இழுத்து முன்வரிசையின் காலடியில் தேக்கியது. பாட்டில் ஆழ்ந்திருந்தவர்கள் குனிந்து பார்க்கவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு மாமி மட்டும் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டாள்.

“கால்ல என்னமோ சுரீர்ங்கறதே” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது நீரஜாவின் காதில் விழுந்தது.

கரண்ட் என்று கத்தினால் எல்லாரும் ஒரேயடியாக எழுந்து தண்ணீரில் காலை வைப்பார்கள். கத்தாவிட்டால் அடுத்த நிமிஷம் யாருக்கு என்ன ஆகுமோ. அதற்குள் ஷரஃபுதீன் பார்த்துவிட்டான். அவன் முகம் சாம்பலாகப் போயிருந்தது.

“பாப்பா! மைக்க தொடாத! கைய எடு!”

ஸஹானா பாதியில் நிறுத்தினாள். மைக்கைச் சரிசெய்ய நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. சபை முழுக்க அவன் பக்கம் திரும்பி முகம் சுளித்தது. நீரஜா மேடைமேல் ஏறினாள்.

“எல்லாரும் அப்படியே இருங்கோ. காலை மட்டும் தூக்கி நாற்காலிமேல வெச்சுக்கோங்கோ. ஒருத்தரும் கீழே காலை வைக்கக் கூடாது.”

“என்னம்மா விஷயம்?”

“தண்ணி வந்திருக்கு. ஒயர் இருக்கு. தயவுசெஞ்சு காலைத் தூக்குங்கோ!”

அடுத்த கணம் அரங்கம் முழுக்கப் புடவைகளும் வேட்டிகளும் சரசரத்தன. முழங்கால் வலியென்று படியேற முடியாதவர்கள்கூடக் குழந்தைகள் மாதிரி நாற்காலிமேல் சுருண்டு உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் பிளாஸ்டிக்காக இருந்தது அன்றைக்கு நல்ல காலம்.

மெயின் சுவிட்ச் மேடைக்குப் பின்னால் இருந்த ரூமில். மேடையிலிருந்து கதவைத் திறந்தால் கீழே இறங்கப் படிகள். ஷரஃபுதீன் கதவைத் திறந்தான். படிகள் தெரியவில்லை. முற்றத்துத் தண்ணீர் முழுக்க அந்த ரூமுக்குள் ஏறியிருந்தது. எதிர்ச்சுவரில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச் ‘ர்ர்ர்’ என்று இரைந்துகொண்டிருந்தது.

“இறங்காதேப்பா” என்றாள் நீரஜா.

“எறங்குனா செத்தேன். மேடம், பெஞ்சு எதுனா இருக்குதா? மரப்பெஞ்சு?”

வாத்தியங்கள் வைக்க மேடையோரம் போட்டிருந்த நீள மரப்பெஞ்சை ஷ்ரவணும் அவனும் தூக்கி வந்து தண்ணீருக்குள் இறக்கினார்கள். பெஞ்சின் கால் தரையைத் தொடும்வரை நீரஜா மூச்சு விடவில்லை. பலகை தண்ணீருக்கு மேலே ஒரு விரல் அளவுக்குத்தான் நின்றது. ஷரஃபுதீன் திரைச்சீலை தள்ளுகிற மூங்கில் கழியை எடுத்துக்கொண்டான். தவழ்ந்து போனான். பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. விளக்கில்லாத அந்த ரூமுக்குள் நீரஜா அடித்துக்கொண்டிருந்த டார்ச் ஆடியது.

“விளக்க ஆட்டாத மேடம்.”

“ஆட்டலைப்பா” என்றாள். ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கழியின் நுனி பிடியின்மேல் ஒருமுறை வழுக்கியது. மறுமுறை பிடித்துக்கொண்டது. ‘டக்’ என்று சத்தம். எல்லாம் இருண்டுபோயிற்று.

ஜன்னல் இல்லாத அரங்கம். வெளியே சாயங்கால வெளிச்சமும் மழையில் கரைந்துவிட்டிருந்தது. இருட்டு விழுந்ததும் யாரோ அலறினார்கள். நாற்காலி ஒன்று சாய்ந்தது. “கதவு எங்கே? கதவு எங்கே?” என்று ஒரு குரல். கூட்டம் எழும் சத்தம் கேட்டது. கரண்டுக்குத் தப்பியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மிதிபடப் போகிறார்கள் என்று நீரஜாவுக்குத் தோன்றியது.

அப்போது மேடையிலிருந்து ஸஹானா பேசினாள். மைக் இல்லாத குரல், மழையைத் தாண்டிக் கடைசி வரிசைவரை போயிற்று.

“கரண்டை அணைச்சாச்சு. இனிமே பயம் இல்லை. எல்லாரும் உட்காருங்கோ. கடைசி வரிசை மட்டும் எழுந்துக்கோங்கோ. அவா வெளியே போனப்புறம் அடுத்த வரிசை.”

அந்தக் குரல் நடுங்குவது அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. சபை உட்கார்ந்தது.

மேலே, தெருவாசல் பக்கமிருந்து ‘டண் டண்’ என்று சத்தம் வந்தது. அய்யாதுரை அண்டா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். “வாசல் இங்கன இருக்கு! சத்தத்தக் கேட்டு வாங்க! மெதுவா, மெதுவா!” அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக மேலே ஏறினார்கள். முன்வரிசைக்காரர்களை ஷ்ரவணும் வயலின் வாசித்தவரும் தோளைக் கொடுத்து அழைத்துப் போனார்கள். ஸஹானா ஒவ்வொரு வரிசையாக அழைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக அவளும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தெருவில் எல்லாரும் கடைவாசல்களில் ஒதுங்கி நின்றார்கள். சிலர் அழுதார்கள். ராமானுஜம் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நீரஜா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவருக்கும் பற்கள் கிட்டிப்போயிருந்தன.

“தாத்தா எங்கேம்மா?” என்றாள் ஸஹானா.

நீரஜா சுற்றிலும் பார்த்தாள். வேதாந்தம் இல்லை. ஒவ்வொரு கடைவாசலாக ஓடினாள். இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஷண்முகப்ரியா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் போறேன்னு எழுந்து போனார். திரும்பி வந்தாப்பல இல்லை.”

கழிவறை முற்றத்தில். அய்யாதுரை அதைக் கேட்டார். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“அம்மா… அந்தக் குழிய நான் மூடலயேம்மா. மழை வந்துட்டு. அடுப்பத் தூக்கி வைக்க ஓடிட்டேன்.”

இருவரும் பக்கச் சந்து வழியாக ஓடினார்கள். முற்றம் முற்றமாக இல்லை; முழங்காலுக்கு மேலே கறுப்புத் தண்ணீர், அதை மூடிக்கொண்டு கப்புகள். டார்ச் வெளிச்சத்தில் ஒரே வெள்ளை. எங்கே தரை, எங்கே குழி என்று சொல்ல முடியாது. அய்யாதுரை பந்தல் கம்பு ஒன்றை உருவி, முன்னால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தார். நீரஜா அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கப்புகள் அவள் புடவையில் வந்து ஒட்டின. காலடியில் எது தட்டுப்பட்டாலும் அது ஒரு கையோ தலையோ என்று உடம்பு உதறியது.

“அப்பா!” என்று கூப்பிட்டாள். மாமனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். “அப்பா!”

மழைதான் கேட்டது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. கழிவறைப் பக்கமிருந்து மெலிதாக ஒரு முனகல் வந்தது.

வேதாந்தம் கழிவறை ஜன்னலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்கினார். மார்வரை தண்ணீர். ஒரு கால் குழிக்குள் போய், பலகைக்கு இடையில் மாட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

“பாத்ரூம் வாசல்லேர்ந்து ரெண்டு அடிதான் வெச்சேன் நீரஜா” என்றார். “அடியிலே பூமியே இல்லை.”

அய்யாதுரை தண்ணீருக்குள் முக்கி முக்கிப் பலகையை நெம்பினார். கால் வெளியே வந்தபோது வேதாந்தம் போட்ட சத்தத்தை நீரஜா பிறகு பல மாதம் தூக்கத்தில் கேட்டாள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட பிறகு அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் படுத்திருந்தவருக்குக் காய்ச்சல் வந்தது. சாக்கடைத் தண்ணீர் புண்ணில் இறங்கியிருக்கிறது, சிறுநீரகத்தைப் பாதிக்காமல் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நீரஜா கட்டிலருகே உட்கார்ந்து அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மஸ்கட்டிலிருந்து வெங்கடரமணன் போன் செய்யும்போதெல்லாம், “நன்னா இருக்கார்” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் நின்றாள். அந்த மதியம் கச்சேரியை நிறுத்தியே ஆகவேண்டும் என்று ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்ற கேள்வி வந்தது. பதிலும் தெரிந்தே இருந்தது. காய்ச்சல் இறங்கி அவர் ரசஞ்சாதம் கேட்ட அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

இதற்கு நடுவில் ஒரு காலையில் சபாவுக்குப் போனாள். தண்ணீர் வடிந்திருந்தது. கமிட்டி அமர்த்திய ஆட்கள் சாக்கடையைக் கால்வாய்வரை திறந்து தோண்டிப் போட்டிருந்தார்கள். முற்றத்தில் குவித்திருந்த கப்புகள் மேடை உயரத்துக்கு நின்றன. சேறு ஒட்டியிருந்தாலும் ஒன்றுகூட மக்கவில்லை. கழுவினால் மறுபடி காபி ஊற்றிக் குடிக்கலாம் போல இருந்தன. நடுநடுவே மேடை அலங்காரத்துக்கு வெட்டிய தெர்மோகோல் எழுத்துகள், சரிகைத் தாள், பூமாலை சுற்றி வந்த பிளாஸ்டிக் பைகள்.

கமிட்டி கூடியது. ராமானுஜம் இளைத்துப் போயிருந்தார். ஆனாலும், “மழைக்கு நாம என்ன பண்ண முடியும்?” என்றார்.

“மழை வருஷா வருஷம் பெய்யறது மாமா. கப்பு இந்த வருஷம்தான் வந்தது.”

நீரஜாவே தொடர்ந்தாள்.

“நான்தான் கான்டீன் பாத்துண்டேன். அதனால நான்தான் சொல்லணும். இனிமே பிளாஸ்டிக் உள்ளே வரப்படாது. கப்பும் வேண்டாம், தெர்மோகோலும் வேண்டாம்.”

“டம்ளர் கழுவத் தண்ணிக்கு எங்கே போறது?”

நல்ல கேள்விதான் அது. பல வாரம் அதோடு மல்லுக்கட்டினார்கள். அய்யாதுரை கொதிநீர் அண்டாவில் முக்கி எடுக்கலாம் என்றார். பாதித் தண்ணீர் போதுமானதாக இருந்தது. பலகாரத்துக்குத் தொன்னை. அலசிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றலாம் என்று ஷ்ரவண் சொன்னான். வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவருகிறவர்களுக்கு முதலில் காபி என்று ஒரு ஏற்பாடு. ஒயர்களும் பிளக் போர்டுகளும் சுவரில் ஏறின. மெயின் சுவிட்ச் தெருவாசல் பக்கம் வந்தது.

மறு வருஷம் சீசனில் முணுமுணுப்புக்குக் குறைவில்லை. “கச்சேரிக்கு வரோமா, யாத்திரைக்கு வரோமா? சொம்பையும் டம்ளரையும் தூக்கிண்டு!” என்று ஒருவர் சத்தம் போட்டுவிட்டு வேறு சபாவுக்குப் போய்விட்டார். இன்னும் சிலரும் போனார்கள். கேட்ட வேறு சபாக்களின் செயலாளர்களிடம் நீரஜா நடந்ததைச் சொன்னாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள், சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

வேதாந்தம் கைத்தடியோடு வந்தார். எல்லாரும் தடுத்தும், “கால்தான் போச்சு, காது இருக்கே” என்றார். ஆனால் முன்வரிசைக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார். வாசலுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஸஹானா அந்த மேடையில் மறுபடி பாடினாள். தோடியை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கூரையில் மழை விழத் தொடங்கியது. அரங்கத்தில் நிறையப் பேர் தங்களை அறியாமல் காலை மேலே இழுத்துக்கொண்டார்கள். மேடையில் ஸஹானாவின் குரல் ஒரு கணம் தடுமாறி, பிறகு நிலைகொண்டது.

நீரஜா எழுந்து குடையோடு முற்றத்துக்குப் போனாள். சாக்கடையின் பலகையிடுக்கில் டார்ச் அடித்துக் குனிந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவதைப் பார்த்தும் அவளால் உள்ளே போக முடியவில்லை. இப்போது ஓடுகிறது, இன்னும் சற்று நேரத்தில்? அங்கேயே நின்றாள். உள்ளே கைதட்டல் கேட்டது, மங்களம் கேட்டது. நாற்காலிகள் இழுபடும் சத்தமும் ஓய்ந்தது.

ஸஹானா அவளைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“இங்கேயே நின்னுண்டிருந்தயா? எப்படிம்மா இருந்தது?”

நீரஜா நிமிர்ந்தாள். குடைக்குள்ளேயே தலை முழுக்க நனைந்திருந்தது.

“தண்ணி நன்னா போச்சுடி” என்றாள்.